கேரவனில் வாழ்ந்துகொண்டே உணவுத் தன்னிறைவு எவ்வளவு தூரம் இயலும்?

ஸ்காட்பர்க் வாசி:
அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள வீட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நானும் மனைவியும் காரால் இழுத்துச் செல்லும் ஐந்து மீட்டர் நீள வீட்டுவண்டியான கேரவனில் குடியேறியிருக்கிறோம். பெரும்பாலும் டர்பனுக்குத் தெற்கே தென்கரையில் உள்ள ஸ்காட்பர்க், போர்ட் எட்வர்ட் பக்கமே தங்குகிறோம். கோடையில் மட்டும் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போவதுண்டு. கடைக்குப் போகாமல் எங்கள் உணவை நாங்களே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கொத்தமல்லிக்கு மேல் எதுவும் தேறாது என்பது மனைவியின் கட்சி. பெரிய வாளிகளில் கிழங்கும் காய்கறியும் வைத்து உடன் கொண்டுபோக இயலுமா? ஸ்காட்பர்க் அருகே உம்சிண்டோவில் தங்கை வீட்டின் பின்னால் கொஞ்சம் நிலம் சும்மா கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டொங்காட் தோட்டக்காரர்:
ஐயா, முதலில் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 100 கிராம் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் இருப்பது ஏறக்குறைய 86 கலோரிதான். அதை மட்டுமே உண்டு இருவர் ஓராண்டு வாழ ஒன்றரை டன்னுக்கும் மேல் கிழங்கு வேண்டும். அதை எந்த வாளியில் விளைவிப்பீர்கள்? அதே கலோரியை ஏறத்தாழ 400 கிலோ அரிசியோ மக்காச்சோள மாவோ தந்துவிடும் என்பதால், தானியத்தையும் பருப்பையும் விலைக்கு வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உம்சிண்டோ நிலம்தான் உங்கள் உண்மையான சொத்து. மழை தொடங்கும் அக்டோபர் வாக்கில் அங்கே மடும்பியை, அதாவது நம் சேப்பங்கிழங்கை, ஊன்றிவிட்டால், அது ஆறேழு மாதம் தன்பாட்டில் கிடந்து வளரும். முற்றிய பிறகும் மண்ணிலேயே விட்டுவைத்து, வேண்டும்போது தோண்டலாம். நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்தால்தான் தொண்டை அரிக்காது. சர்க்கரைவள்ளிக்கொடித் துண்டுகளையும் கூடவே நடுங்கள். கிழங்குக்குக் காத்திருக்கும் நான்கைந்து மாதங்களில் இளம் இலைகளைக் கீரையாகப் பறித்துக்கொள்ளலாம். கடற்கரையில் உறைபனி இல்லாததால், தக்காளிக்கும் பீன்ஸுக்கும் வறண்ட குளிர்காலமே தோதானது. கோடை ஈரத்தில் தக்காளி இலை கருகி, செடி நோயில் விழும்.

சாலைவாழ் அக்கா:
வாளி யோசனையைக் கைவிடுங்கள், அண்ணா. ஈரமண் நிறைந்த 20 லிட்டர் வாளி ஒன்றே 30 கிலோவை நெருங்கும். பத்து வாளி ஏற்றினால், தயாரிப்பாளர் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பை உங்கள் கேரவன் எளிதில் தாண்டிவிடும். அந்த வரம்பு 750 கிலோவுக்கு மேல் உள்ள கேரவனை இழுக்க ஈபி (EB) என்னும் ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் வண்டியில் செல்வது மூன்று ஆழமற்ற தட்டுகளும், தேங்காய் நார்த்தூளும், ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும்தான். வெந்தயத்தை ஒருநாள் ஊறவைத்து நெருக்கமாகத் தூவினால் மூன்று வாரத்துக்குள் கீரையாகிவிடும். பாசிப்பயற்றை ஈரத்துணியில் கட்டித் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் கழுவிவந்தால், இரண்டு மூன்று நாளில் நன்றாக முளைவிட்டுவிடும். மண்ணும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். பயணத்தின்போது தட்டுகளைக் குளியலறைத் தரையில் வைத்துவிடுவோம். முகாமில் வெளியே வைத்தால் மட்டும் வலை கட்டாயம், ஏனெனில் தென்கரைக் குரங்குகள் நம் அறுவடை நாளை நம்மைவிடத் துல்லியமாக அறிந்திருக்கின்றன.

ஸ்காட்பர்க் வாசி:
இருவருக்கும் நன்றி. மடும்பி விதைக்கிழங்குக்குத் தங்கையிடம் இன்றே சொல்லிவிட்டேன். மனைவிக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தூண்டில் போட்டு மீன் பிடிப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

கடலோரத் தம்பி:
சேர்க்கலாம், ஐயா, ஆனால் அதை நம்பி அடுப்பேற்ற வேண்டாம். பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். ஷேட் மீன் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்குதான், அதுவும் 30 செண்டிமீட்டருக்குக் குறையாமல். அக்டோபரிலும் நவம்பரிலும் அதைப் பிடிக்கவே கூடாது. பாறையில் மஸ்ஸல் சிப்பி எடுப்பதற்குத் தனி அனுமதி தேவை; தூண்டிலுக்கு வாங்கியது அதற்குச் செல்லாது.