நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும்: கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளி மரபுகள் பற்றி ஒரு கேள்வி

ஏட்டுச்சுவடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாம்பும் சிறுவயதில் ஒன்றாகப் படித்த, இங்கிலாந்தின் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் உறைவிடப் பள்ளியைப் பற்றி அண்மையில் வாசித்தேன். பெயர் எப்படி இருந்தாலும் அது மருத்துவமனை அன்று என்பது தெரியும். அப்பள்ளி மாணவர்கள் டியூடர் மன்னர் காலத்து (பதினாறாம் நூற்றாண்டு) நீண்ட நீலக் கோட்டையும் மஞ்சள் காலுறையையும் இன்றும் அணிகிறார்கள் என்பதை அறிந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. ஈட்டன் பள்ளியின் வால்கோட்டைப் போல இதுவும் செல்வக் குடும்பங்களின் பெருமிதச் சின்னந்தானா, அல்லது இதற்கு வேறு வரலாறு உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழங்கணக்கு:

தாங்கள் கேட்டதற்கு நேர்விடை, இல்லை என்பதுதான். அது ஏழைப் பிள்ளைகளுக்குத் தருமமாகக் கொடுக்கப்பட்ட உடை. மன்னர் எட்டாம் ஹென்றி கிறித்தவ மடங்களைக் கலைத்த பிறகு, அதுவரை மடங்களை அண்டிப் பிழைத்த ஆதரவற்றோர் லண்டன் தெருக்களில் பெருகினர். பிஷப் ரிட்லி ஆற்றிய பிரசங்கம் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டின் மனத்தைத் தொட, நகரத்து வணிகர்களும் மேயரும் சேர்ந்து நிதி திரட்டி, நியூகேட் தெருவில் வெறுமையாகக் கிடந்த பிரான்சிஸ்கன் மடத்துக் கட்டடங்களில் 1552 நவம்பரில் ஏறத்தாழ 380 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டனர். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் மன்னர் சாசனத்தில் கையெழுத்திட்டார். அடுத்த சில நாட்களில், பதினைந்து வயதிலேயே இறந்தும் போனார்.

நீலச் சாயம் அன்று மலிவானது. வேலைக்காரர்களும் தொழில் பழகும் பையன்களும் உடுத்திய நிறம் அது. மஞ்சள் சாயம் எலியையும் பூச்சியையும் அண்டவிடாது என்ற நம்பிக்கையால் காலுறை அந்நிறம் பெற்றது என்று சொல்வார்கள். தெருவில் போகும் ஒரு பையனைப் பார்த்தாலே, இவன் தருமத்தில் வளர்கிறவன் என்று ஊருக்கே தெரியும். ஆகவே பெருமிதச் சின்னம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை; பெருமிதம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஈட்டனையும் ஆறாம் ஹென்றி 1440-இல் எழுபது ஏழை மாணவர்களுக்காகவே நிறுவினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே கட்டணம் செலுத்திப் படித்த பிரபுக்களின் பிள்ளைகள் நாளடைவில் பெருகிப் பள்ளியின் குணத்தையே மாற்றிவிட்டனர். கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலில் அவ்வாறு நடக்கவில்லை. இன்றும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே அங்கு கட்டணம் முடிவு செய்யப்படுகிறது. உடையைப் பள்ளியே இலவசமாகத் தருகிறது.

கரும்பலகை:

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் தருமம் என்றதும் கனிவை மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம். லாம்ப் 1820-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தம் காலத்துப் பள்ளியைக் கண்முன் நிறுத்துகிறார். திங்கட்கிழமைப் பால்கஞ்சி சுவையற்று நீலம் பாரித்திருக்குமாம். முதன்முறை ஓடிப்போய்ப் பிடிபட்டவனுக்குக் காலில் விலங்கு. மறுமுறை ஓடினால், கொஞ்சம் வைக்கோல் மட்டும் இட்ட இருட்டறையில் தனிமைச் சிறை. தலைமை ஆசிரியர் பாயரின் பிரம்பை நினைத்துக் கோல்ரிட்ஜ் முதிர்ந்த வயதிலும் கனவில் நடுங்கினார் என்றாலும், கவிதைக்கும் ஒரு கறாரான தருக்கம் உண்டு என்று கற்பித்தவரும் அதே பாயர்தான் என்று அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

அக்கட்டுரையில் என்னை மிகவும் பாதித்தது ஒரு மாணவனின் கதை. வேகவைத்த மாட்டிறைச்சியின் கொழுப்பைச் சிறுவர்கள் அருவருத்து ஒதுக்கிவிடுவார்கள். அதைத் தின்பவனைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஒரு பையன் அந்த மிச்சங்களைப் பொறுக்கிச் சேர்த்துத் தன் படுக்கையருகே வைத்துக்கொள்வதைக் கண்டு, இரவில் தின்கிறான் என்று எல்லோரும் அவனை விலக்கி வைத்தனர். அவனோடு விளையாடவும் பேசவும் ஆளில்லை. விடுப்பு நாளில் இரண்டு மாணவர்கள் மறைந்து பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது, வறியவர்கள் குடியிருந்த ஒரு பாழடைந்த வீட்டின் மாடியேறி அந்தப் பொட்டலத்தை அவன் கொடுப்பது தெரிந்தது. விசாரித்ததில் அவர்கள் அவனுடைய பெற்றோர் என்று தெரியவந்தது. பள்ளியின் நிர்வாகக் குழுவினர் அக்குடும்பத்துக்கு உதவித்தொகையும் பையனுக்கு வெள்ளிப் பதக்கமும் அளித்தனர். அந்த உடையை அணிந்தவர்கள் எத்தகைய வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை என்று கருதுகிறேன்.

திசைகாட்டி:

கணிதப் பள்ளியை யாரும் குறிப்பிடவில்லையே. இரண்டாம் சார்லஸ் 1673-இல் இப்பள்ளிக்குள் ராயல் மேத்தமேட்டிக்கல் ஸ்கூல் என்ற பிரிவை ஏற்படுத்தி, நாற்பது மாணவர்களுக்குக் கடற்பயணக் கணிதம் கற்பிக்கச் செய்தார். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் இதில் தீவிர அக்கறை காட்டியவர். கடற்படைக்குக் கணக்குத் தெரிந்த மாலுமிகள் வேண்டியிருந்தனர். தருமப் பிள்ளைகள் அத்தேவையை நிறைவேற்றினர். அவர்களது தரத்துக்கு ஒன்று சொல்கிறேன்: ரஷ்யாவின் மகா பீட்டர் 1701-இல் மாஸ்கோவில் கடற்கலைப் பள்ளி தொடங்கியபோது, ஆசிரியராக அமர்த்திய மூன்று ஆங்கிலேயரில் இருவர் இங்கே படித்து முடித்த இளைஞர்கள். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் கணித மாணவர்களை வரவேற்கும் காட்சியை வெர்ரியோ என்ற ஓவியர் தீட்டிய மிக நீளமான ஓவியம் இன்றும் உணவுக்கூடச் சுவரில் தொங்குகிறது.

ஏட்டுச்சுவடி:

மூவருக்கும் நன்றி. பள்ளி இப்போதும் லண்டனில்தான் இருக்கிறதா? மாணவர்கள் இந்த உடையை விரும்பித்தான் அணிகிறார்களா?

பழங்கணக்கு:

1902-இல் சசெக்ஸில் உள்ள ஹார்ஷம் நகருக்கு அருகே பள்ளி இடம்பெயர்ந்தது. அதற்கென்றே அதே ஆண்டில் ஒரு ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. தொடக்கம் முதலே பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டு வந்தனர். இடையில் ஹெர்ட்ஃபோர்டில் தனியே படித்த அவர்கள் 1985-இல் ஹார்ஷமில் ஒன்று சேர்ந்தனர்.

உடையை மாற்றலாமா என்று மாணவர்களிடமே கேட்டபோது, மிகப் பெரும்பான்மையோர் வேண்டாம் என்று கூறிவிட்டனர். மதிய உணவுக்குப் பள்ளியின் சொந்த இசைக்குழு வாசிக்க, விடுதி இல்லம் வாரியாக அணிவகுத்து உணவுக்கூடத்துக்குச் செல்லும் வழக்கமும் நிலைத்திருக்கிறது. உயர் வகுப்பில் கிரேஷியன் எனப்படும் மாணவர்களில் சிலரின் கோட்டில் வெல்வெட் மணிக்கட்டுப் பட்டையும் பெரிய பொத்தான்களும் இருக்கும். ஏழைகளின் பள்ளியிலும் படிநிலை உண்டு. படிப்பு முடித்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பைபிளைக் கொடுத்து, இங்கே பெற்ற நன்மையை மறவாமல், வசதி வரும்போது வேறு பிள்ளைகளும் அதைப் பெற உதவ வேண்டும் என்று ஒரு கடமையைச் சொல்லி அனுப்புகிறார்கள். பழைய மாணவர்களின் நன்கொடை பள்ளியின் நிதிக்கு இன்றும் துணையாக இருப்பதால், இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது.