சந்தை நேரத்தில் புரோக்கர் போனை எடுத்தே ஆக வேண்டுமா?

கோவைமணி:
எக்ஸ்பைரி நாளில் (ஒப்பந்தம் முடியும் நாள்) ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விற்று வைத்திருந்தேன். விலை குறித்த அளவைத் தொட்டால் தானாக வெளியேறும் ஸ்டாப்லாஸ் ஆர்டரும் போட்டிருந்தேன். விலை ஒரே தாவலில் என் லிமிட்டை (நான் ஏற்கும் கடைசி விலையை) தாண்டிவிட்டதால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கியது. திருத்தலாம் என்று போனால் ஆப் தானாக லாக்-அவுட் ஆகிவிட்டது, மறுபடி உள்ளே நுழைய ஓடிபி வரவில்லை. போனிலேயே ஆர்டர் கொடுக்கும் கால் அண்ட் டிரேட் எண்ணில் பதிவுக்குரல் மட்டும்தான். ஆள் கிடைத்தபோது மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிருந்தது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது இதுதான்: காலை 9:15 முதல் மாலை 3:30 வரையாவது ஒரு மனிதர் போனை எடுக்க வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்க வேண்டாமா? மார்ஜின் (பிணையாக வைத்த பணம்) குறைந்தால் அடுத்த நிமிடமே நம் பொசிஷனை (முடிக்காமல் வைத்திருக்கும் வர்த்தகத்தை) அவர்களே முடித்துவிடுகிறார்கள். அந்த வேகம் நமக்குத் தேவைப்படும்போது ஏன் இல்லை?

நிஃப்டிநேசன்:
உங்கள் நஷ்டம் வருத்தமானது, மணி. ஆனால் கோரிக்கை சரியில்லை. முழுச்சேவை புரோக்கர் டெலிவரிக்கு (பங்கை வாங்கி வைத்திருப்பதற்கு) 0.5% வாங்கிய காலத்தில், 1 லட்சத்துக்குப் பங்கு வாங்கினால் 500 ரூபாய் போகும். அதில் கிளை, நமக்காக ஆர்டர் போடும் டீலர், போன் எல்லாம் அடக்கம். இன்று சில டிஸ்கவுண்ட் புரோக்கர்களிடம் டெலிவரி இலவசம், ஆப்ஷனுக்கு ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய். ஆள் வைக்காததால்தான் இந்த விலை.

சந்தை சரியும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆயிரக்கணக்கானோரை ஆண்டு முழுக்க உட்கார வைத்தால், அந்தச் சம்பளமும் நம் தலையில்தான் விழும். போனே போடாத என்னைப் போன்றவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

இன்னொன்று. ஸ்டாப்லாஸ் ஆர்டர் எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்துவிடும், ஆப் செத்தாலும் அது வேலை செய்யும். ஜிடிடி (குறித்த விலை வரும்வரை காத்திருக்கும் ஆர்டர்) அப்படி இல்லை, புரோக்கரின் சர்வரில்தான் கிடக்கும். பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பிறகு கஸ்டமர் கேரைத் திட்டுகிறார்கள்.

கோவைமணி:
அண்ணா, நான் போட்டது எக்ஸ்சேஞ்சில் இருந்த ஸ்டாப்லாஸ்தான். ஆனால் ஆப்ஷன்களில் மார்க்கெட் விலை ஸ்டாப்லாஸை (கிடைக்கிற விலையில் முடிவதை) தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ 2021 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. லிமிட் வைத்துத்தான் போட முடியும். லிமிட்டைத் தாண்டினால் ஆர்டர் அந்தரத்தில்தான். அப்போது மனிதர் கைகொடுக்காவிட்டால் வேறு வழி என்ன?

சந்தை எங்கே போகும் என்பது என் ரிஸ்க், ஒப்புக்கொள்கிறேன். ஓடிபி வராதது என் ரிஸ்க் இல்லை.

தஞ்சை ஆசிரியை:
இந்த ஆப்ஷன் எல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பணி ஓய்வில் வந்த பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கிறேன். கணவருக்கு அறுவை சிகிச்சை, அவசரமாக விற்க வேண்டியிருந்தது. டிபின் போடு என்றது ஆப். டிபின் எது, பின் எது என்று கேட்க ஆள் இல்லை. சாட்டில் ஆங்கிலத்தில் ஏதோ சுட்டி வந்தது. அன்று விற்க முடியவில்லை, மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து முடித்துக் கொடுத்தான். தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியா?

நிஃப்டிநேசன்:
அதிகப்படி இல்லை அம்மா. ஆனால் விற்கும் பங்கை எடுத்துக்கொடுக்கப் புரோக்கருக்கு அனுமதி தரும் டிடிபிஐ படிவத்தில் ஒருமுறை கையெழுத்துப் போட்டால், விற்கும்போது டிபின் (விற்பனையை உறுதிசெய்யும் ரகசிய எண்) தொல்லை இருக்காது. உங்களுக்கு ஒரு புரோக்கர் கிளையோ அவர்களின் அங்கீகரிக்கப்பட்ட முகவரோதான் பொருத்தம். கொஞ்சம் கட்டணம் கூடும், ஆனால் முகம் பார்த்துப் பேசலாம். எல்லா நிறுவனமும் எல்லாருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.

பழைய டீலர்:
இரண்டு பக்கமும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நான் டீலிங் டெஸ்க்கில் இருந்தவன். போனில் ஆர்டர் வாங்குவது சட்டென்று முடிகிற வேலை இல்லை. கூப்பிடுபவர் வாடிக்கையாளர்தானா என்று சரிபார்க்க வேண்டும். ஆர்டர் அவர் கொடுத்ததுதான் என்பதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்பது செபி விதி, அதனால் பேச்சு பதிவாக வேண்டும். அப்புறம், புரோக்கரின் மைய சிஸ்டமே படுத்துவிட்டால் டீலரின் திரையும் சேர்ந்தே படுக்கும். போனை எடுத்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த நிலைமைக்குத்தான் 2023 அக்டோபரில் ஐஆர்ஆர்ஏ என்ற மாற்றுத் தளம் வந்தது. புரோக்கர் சிஸ்டம் முழுதாக விழுந்தால், அதன் வழியே திறந்த பொசிஷன்களை முடிக்கலாம், நிலுவை ஆர்டர்களை ரத்து செய்யலாம். புதிதாக எதுவும் வாங்க முடியாது. மணிக்கு நடந்ததுபோல ஒருவர் கணக்கு மட்டும் பூட்டிக்கொண்டால் அது உதவாது. அங்கேதான் போன் தேவை.

2021 பிப்ரவரி 24 நினைவிருக்கிறதா? என்எஸ்இ 11:40க்கு நின்றது. 3:45 முதல் 5 மணி வரை மறுபடி நடக்கும் என்ற அறிவிப்பு, வழக்கமான சந்தை முடியும் தறுவாயில்தான் வந்தது. அதற்குள் பல புரோக்கர்கள் அன்றைக்கே முடிக்க வேண்டிய இன்ட்ராடே பொசிஷன்களை இன்னொரு சந்தையான பிஎஸ்இயில் முடித்துவிட்டார்கள். அன்று போனை எடுத்தவர்களிடமும் சொல்வதற்குப் பதில் இல்லை. ஆனால் "எங்களுக்கும் தெரியவில்லை, இத்தனை மணிக்கு முடிக்கப் போகிறோம்" என்று ஒரு குரல் சொன்னாலே, வாடிக்கையாளர் தன் முடிவைத் தானே எடுத்திருப்பார்.

கோவைமணி:
இதைத்தான் சொல்ல வந்தேன். அமெரிக்காவிலும் இதே வாதம் ஓடியது. 2020 மார்ச்சில் ராபின்ஹுட் என்ற பங்கு வர்த்தக ஆப் ஒரு நாள் முழுக்க முடங்கியபோது, வாடிக்கையாளர்கள் கூப்பிட ஒரு போன் எண்கூட இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில், அங்கே புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு, அந்த முடக்கம் உட்படப் பல குறைகளுக்காக அபராதமும் இழப்பீடுமாகச் சுமார் 7 கோடி டாலர் கட்ட வைத்தது. அக்டோபரில் அவர்களே 24 மணி நேர போன் சேவை தொடங்கினார்கள். அங்கே கமிஷனே கிடையாது. மலிவு விலைக்குள்ளேயே ஆள் வைக்க முடிந்திருக்கிறதே.

நிஃப்டிநேசன்:
கமிஷன் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஆர்டரை மார்க்கெட் மேக்கர்களிடம் (எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக இருக்கும் பெரிய நிறுவனங்கள்) அனுப்புவதில் காசு வருகிறது. இங்கே அந்த வழி இல்லை. அந்த ஒப்பீடு பொருந்தாது.

நஷ்டத்துக்கு வழி இருக்கிறது. முதலில் புரோக்கரிடம் எழுத்தில் புகார், பிறகு செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸ். அங்கே 21 நாளில் பதில் தர வேண்டும். அதுவும் ஒத்துவராவிட்டால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற இணையவழித் தகராறு தீர்வுத் தளம்: அங்கே சமரசம், பிறகு நடுவர். கால் வரலாற்றின் ஸ்கிரீன்ஷாட்டை நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைமணி:
புகார் போட்டுவிட்டேன். ஆனால் 21 நாள் என்பது நடந்து முடிந்ததற்கு. 10 மணிக்குத் தொங்கும் ஆர்டருக்கு அது மருந்தில்லை.

பழைய டீலர்:
கட்டாய ஆள் எண்ணிக்கை வேண்டாம், அதை நேசன் சொல்வதுபோலத் தாங்க முடியாது. ஆனால் மாதாமாதம் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று புரோக்கர்கள் தங்கள் தளத்தில் ஏற்கெனவே போட்டாக வேண்டும். அதே பட்டியலில், சந்தை நேரத்தில் போனை எடுக்க சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்ற வரியையும் சேர்க்கட்டும். கணக்குத் திறக்கும் முன்பே பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம்.

நிஃப்டிநேசன்:
அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சராசரியில் எதையும் மறைக்கலாம். ஐவிஆர் (பதிவுக்குரல்) எடுத்த நொடியையே "எடுத்தாயிற்று" என்று கணக்குக் காட்டுவார்கள்.

பழைய டீலர்:
அப்படியானால் மனிதக் குரல் வரும் நொடியிலிருந்துதான் கணக்கு என்று எழுதட்டும். எக்ஸ்பைரி நாளைத் தனி வரியாகக் காட்டட்டும். செபி பொதுமக்கள் கருத்துக்காக அடுத்த முறை ஆலோசனை அறிக்கை விடும்போது இதை எழுதி அனுப்பப் போகிறேன். மணி, உங்கள் கால் பதிவுகளையும் இணைக்கலாமா?

கோவைமணி:
தாராளமாக. எண்ணை மட்டும் மறைத்துவிட்டு இன்றிரவே அனுப்புகிறேன்.

தஞ்சை ஆசிரியை:
எந்த மொழியில் பேசுவார்கள் என்பதற்கும் அதில் ஒரு கட்டம் சேருங்கள் தம்பி.