கோபத்துக்குப் பிரதிபட்ச பாவனை: எங்கே தவறு?

கேள்வி:
பதஞ்சலியின் யோக சூத்திரம் 2.33 சொல்லும் பிரதிபட்ச பாவனையில், அதாவது தீய எண்ணம் வரும்போது அதற்கு எதிரானதை எண்ணிப் பார்ப்பதில், ஒரு சந்தேகம். கோபம் வரும்போது "நான் அமைதியானவன்" என்று மாற்றி நினைத்தாலும், கொஞ்ச நேரத்தில் அதே கோபம் திரும்ப வருகிறது. ஏன்?

பதில் 1:
எதிர்ச்சொல்லை ஒப்பிப்பது பாவனை ஆகாது, நண்பரே. 2.34-ஐயும் சேர்த்துப் படியுங்கள். தீய எண்ணம் மூன்று வகை: தானே செய்தது, பிறரைச் செய்ய வைத்தது, பிறர் செய்ததை ஆமோதித்தது. காரணம் பேராசை, கோபம், மதிமயக்கம். அளவு லேசு, நடுத்தரம், கடுமை. பெருக்கினால் 27. நோட்டில் ஒரு வரி போதும்: "அவரை மட்டம் தட்டினார்கள், நானும் சிரித்தேன். ஆமோதித்தது, கோபம், லேசு." இந்த ஆமோதிப்பைத்தான் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை! அடுத்து, இது வளர்ந்தால் முடிவில்லாத துன்பமும் அறியாமையும்தான் மிஞ்சும் என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். அந்த விளைவைப் பார்ப்பதுதான் பாவனை. அதை விட்டுவிட்டால் கோபத்தின் மேல் மூடி போட்டதுபோல் ஆகிவிடும்.

பதில் 2:
உடம்பு கொதிக்கும்போது எழுத உட்காராதீர்கள். முதலில் 10 மூச்சு, வெளிமூச்சு நீளமாக. 1.34 மூச்சைச் சொல்வது மனம் தெளியத்தான். எழுத 10 நிமிடம் போதும், நீண்டால் சுயபழி ஆகிவிடும். "நான் ஏன் இப்படி" என்று தொடங்கும் வரியில் அஸ்மிதை, அதாவது "நான்" என்ற அகந்தை, புகுந்துவிடுகிறது. "என்ன நடந்தது" என்று தொடங்குங்கள்.

பதில் 3:
எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே தீங்கு செய்பவர் என்றால் 1.33-இன் உபேட்சை, அதாவது விலகி நிற்பது. சகித்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. தூக்கம் பல வாரங்களாகக் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.