கனடாவில் கோடிங் படிக்கத் தொடங்கியிருக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: யாருக்கும் காசு கட்டாதீர்கள்

இரண்டு கிழமையாக ஊரில் நிற்கிறேன். முந்தநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி மதிலோரம் கூப்பிட்டு, அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். அடகுத் துண்டு. இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும், எல்லாமாக 5 பவுண். போன வருடம் ஸ்காபரோவுக்குப் போன மகனுக்கு கோடிங், அதாவது கணினி நிரல் எழுதுகிற வகுப்புக்கு அனுப்பின காசு அது. 12 கிழமை வகுப்பு, முடித்தால் வேலை நிச்சயம் என்றார்களாம். முடித்து 5 மாதம் ஆகிறது, ஒரு இன்டர்வியூ கூட வரவில்லை. "தம்பி, இந்தப் படிப்புக்கு வேலை இருக்குத்தானே?" என்று மாமி கேட்டபோது எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அன்றிரவே இதை எழுதத் தொடங்கிவிட்டேன்.

நான் ரொறன்ரோவுக்குப் போய் 8 வருடம், அதில் 6 வருடம் டெவலப்பர் வேலை, அதாவது நிரல் எழுதுகிற வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. அடிப்படையிலிருந்து முதல் வேலைக்குப் போகிற அளவு வரை தேவையானது எல்லாம் இலவசமாகவே இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுக வகுப்பான சிஎஸ்50ஐ அதன் சொந்தத் தளத்தில் படித்தால் சான்றிதழும் இலவசம். எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளம் வழியாக எடுக்கும் சான்றிதழுக்குத்தான் காசு. 2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளம் இருக்கிறது, அதில் பிரவுசரிலேயே எழுதிப் பார்க்கலாம். பைத்தன் என்ற நிரல் மொழி மட்டும் வேண்டும் என்றால் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் இலவச வகுப்பு நல்லது. இவற்றில் ஒன்றை எடுங்கள், ஒன்றே ஒன்றை, அதை முடியுங்கள். நாலு இடத்தில் தொடங்கி நாலையும் மூன்றாம் பாடத்தில் விட்ட பெடியன்களை நிறையப் பார்த்துவிட்டேன். சிஎஸ்50இல் முதல் கிழமை கட்டைகளை இழுத்து அடுக்குகிற ஸ்கிராட்ச், அடுத்த கிழமையே சி என்ற நிரல் மொழி. அந்த இடத்தில்தான் பலர் "எனக்கு இது சரிவராது" என்று எழும்பிப் போகிறார்கள். ஒரு பயிற்சிக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் போவது அங்கே சாதாரணம், உங்களுக்கு மூளை குறைவு என்று அர்த்தமில்லை. ஆங்கிலம் வேகமாக இருந்தால் வீடியோவின் கீழே வரும் எழுத்தை (சப்டைட்டில்) போட்டுவிட்டு, வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

சரி, காசு கட்டித்தான் படிப்பேன் என்றால், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த இடம் பதிவுபெற்ற தொழிற்கல்லூரியா என்று முதலில் பாருங்கள். பதிவுபெற்ற இடமென்றால் ஒப்பந்தத்தின் பிரதி கையில் கிடைத்து 2 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து விலகலாம். வேலை நிச்சயம் என்று சொல்கிற இடத்தில் காலே வைக்காதீர்கள்.

படிக்கும்போதே உங்களுடைய சொந்த விஷயம் ஒன்றைச் செய்யுங்கள். சாம்பல்தீவில் என் மாமாவுக்குச் சின்னக் கடை. ஊர்ச் சனம் கடனுக்குச் சாமான் எடுப்பதெல்லாம் ஒரு நீலக் கொப்பியில் இருக்கும். அதை ஒரு சின்ன வெப் பக்கமாக்கினேன். முதல் மாதமே ஒரு யோகேஸ்வரியின் கடனில் இன்னொரு யோகேஸ்வரி வாங்கின இரண்டு கிலோ சீனியும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் ஏறிவிட்டது. கொப்பியில் மாமா "சந்தி யோகேஸ்", "கிணத்தடி யோகேஸ்" என்று எழுதி வைத்திருந்தார், நான் பெயரை மட்டும் போட்டிருந்தேன். ஆளுக்கொரு தனி இலக்கம் ஏன் வேண்டும் என்பதை எந்தப் பாடமும் எனக்கு அப்படிப் புரிய வைக்கவில்லை. முதல் வேலைக்கான இன்டர்வியூவில் இதைப் பற்றி மட்டும் கால் மணித்தியாலம் கதைத்தேன். அந்த நிரலை, நிரல்களைப் போட்டு வைக்கும் தளமான கிட்ஹப்பில் போட்டு வைத்திருந்ததால் அவர்கள் திறந்து பார்த்தும் கேட்டார்கள்.

இனி வேலை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதில் வராத ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிள்ளைகள் தங்களையே நோகிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பிலிப் ஓரியோபுலஸ் ஆயிரக்கணக்கான கற்பனை ரெசூமேக்களை அனுப்பிப் பார்த்தார். படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றதாக எழுதியவற்றில் ஆங்கிலப் பெயருக்கு நூற்றுக்கு 16 அழைப்பு வந்தது, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு 11. படிப்பும் அனுபவமும் வெளிநாடு என்றால் அந்தப் பெயர்களுக்கு 5தான். ஆகவே பிழை எல்லாம் உங்களுடையது இல்லை. அதற்காகப் பெயரை மாற்றச் சொல்ல மாட்டேன். அப்பா பெயர் முதல், உங்கள் பெயர் பிறகு என்று நம் பாஸ்போர்ட்டில் இருப்பதால் ரெசூமேயில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று குழம்புகிறது. எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கில் எழுதுங்கள், அது போதும்.

சட்டம் இப்போது கொஞ்சம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பகிரங்கமாகப் போடும் வேலை விளம்பரத்தில் "கனேடிய அனுபவம் வேண்டும்" என்று கேட்கக்கூடாது. சம்பளம் எவ்வளவு, அல்லது எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று போட வேண்டும், விண்ணப்பங்களை வடிகட்ட ஏஐ பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுத்தார்களா என்று அறிவிக்க வேண்டும். இனம், பிறந்த இடம், சமயம் காரணமாக ஒதுக்கினார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு வருடத்துக்குள் போகலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த திகதி, வந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் அன்றைக்கே சேமித்து வையுங்கள்.

"முதல் மூன்று மாதம் சம்பளமில்லாமல் செய், பிறகு பார்ப்போம்" என்று ஒருவர், நம் ஆள்தான், என்னிடமும் சொன்னார். நான் ஆறு கிழமை செய்தேன். ஒரு சதமும் வரவில்லை, வேலையும் வரவில்லை. கல்லூரிப் படிப்பின் பகுதியாக அனுப்பப்படும் வேலைப் பயிற்சி போன்ற சிலவற்றைத் தவிர, பயிற்சி என்றாலும் சம்பளம் தர வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. காசு தந்தால் இரண்டு வருட அனுபவம் எழுதித் தருகிறோம் என்று வருபவர்களிடம் இன்னும் கவனம். பொய் பிடிபட்டால் போவது உங்கள் பெயர், அவர்களுடையது இல்லை. ஒன்ராறியோவில் 'எஞ்சினியர்' என்ற பட்டத்தையும் உரிமம் இல்லாமல் போடாதீர்கள், டெவலப்பர் என்று எழுதுங்கள்.

நேற்றிரவு மாமியின் மகனோடு கதைத்தேன், இங்கே 10 மணி, அவனுக்கு மதியம் பன்னிரண்டரை. வகுப்பில் செய்ததைக் காட்டினான். ஒரு வானிலைப் பக்கம், அன்றன்றைக்குச் செய்யவேண்டியதைக் குறித்து வைக்கிற ஒரு பட்டியல். கூடப் படித்த 30 பேரிடமும் அதே இரண்டும்தான். "அப்பா மீனுக்கு ஐஸ் எடுக்கிற கணக்கு யார் பார்க்கிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொப்பியில்தான் அண்ணா, அப்பாவுக்கும் ஐஸ்காரருக்கும் ஒவ்வொரு மாதமும் சண்டை" என்றான். இன்று காலை மாமி அந்தக் கொப்பியோடு வந்தார். 40 பக்கம் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.