செக் வழியா, பிரிட்டன் வழியா? பேஸ்பால் எப்படி வேர்பிடிக்கும்?

வலதுகைக்காரன்:
பேஸ்பால் வேரூன்றாத நாட்டில் அதை வளர்க்க, உள்ளூர்ப் பிள்ளைகளைக் கிளப்பில் வளர்ப்பதா, வெளிநாட்டில் ஆட்டம் கற்றவர்களை வைத்து அணி கட்டுவதா என்பதுதான் கேள்வி. நாடுகள் மோதும் போட்டியான உலக பேஸ்பால் கிளாசிக்கில், 2023இல் செக் குடியரசின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எந்தக் கட்சி என்று புரியும். ஐஸ் ஹாக்கியும் கால்பந்தும் கோலோச்சும் நாடு அது. அணியின் மேலாளர் நரம்பியல் மருத்துவர். மார்ட்டின் ஷ்னைடர் தீயணைப்பு வீரர். ஒன்ட்ரே சாட்டோரியா எலக்ட்ரீஷியன். மணிக்கு 130 கி.மீ.யைத் தொடவே திணறும் பந்துகளை வைத்துக்கொண்டு, டோக்கியோ டோம் மைதானத்தில் ஜப்பானின் நட்சத்திர வீரர் ஓட்டானியை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்க) செய்தார்! இவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர் கிளப்புகளில் சிறுவயதிலிருந்து ஆடியவர்கள். வளர்ச்சி என்றால் இதுதான். அதே போட்டியில் பிரிட்டன் கொலம்பியாவை 7-5 என்று வென்றது. அந்த அணியில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் பஹாமாஸிலும் ஆட்டம் கற்றவர்கள். இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கும் பத்து வயதுப் பையனுக்கு அதனால் என்ன வந்தது?

ஒன்பதாவது இன்னிங்ஸ்:
அண்ணே, ஓட்டானி அவுட் ஆனது சரி. அந்த ஆட்டத்தை ஜப்பான் 10-2 என்று ஜெயித்ததையும் சொல்லுங்கள். செக் அணியிலும் எரிக் சோகார்ட் இருந்தார், அமெரிக்காவின் மேஜர் லீக்கில் பல ஆண்டுகள் ஆடியவர், தாய்வழியில்தான் செக். அவர் வந்தால் 'வேர்', பிரிட்டனுக்கு யாராவது வந்தால் 'இறக்குமதி'யா?

பையனுக்கு என்ன வந்தது என்று கேட்டீர்கள். கொலம்பியாவைத் தோற்கடித்ததால்தான் தகுதிச் சுற்று ஆடாமலே 2026 போட்டிக்குள் பிரிட்டன் நேராக நுழைந்தது. தன் நாட்டுச் சட்டையை அங்கே பார்க்காத பையன் எதற்காக மட்டையைத் தூக்குவான்?

வலதுகைக்காரன்:
சோகார்ட் ஒருவர்தான் அணி என்பதுபோல் பேசாதீர்கள். சீனாவுக்கு எதிரான ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் தரும் ஹோம் ரன் (பந்தை வெளிக்களத்துக்கு அப்பால் பறக்கவிடும் அடி) அடித்து 8-5 வெற்றிக்கு வழிவகுத்தவர் முஷிக், உள்ளூர்க்காரர். அதற்கு முன் 2022இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க்கில் நடந்த தகுதிச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஸ்பெயின். லத்தீன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்களால் நிறைந்த அணி. அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி பந்து வீசியவர் அந்தத் தீயணைப்பு வீரர் ஷ்னைடர். 3-1 என்று செக் வென்றது. உங்கள் முறையும் என் முறையும் நேருக்கு நேர் மோதிய ஆட்டம் அது.

மேட்டுத்தெரு:
இரண்டு பேரும் அணியைப் பற்றியே பேசுகிறீர்கள். மைதானம் எங்கே? பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் மேடு, மண் போட்ட உட்களம், நடுவில் 120 மீட்டர் வரை நீளும் வெளிக்களம். கால்பந்து மைதானத்தில் இதைத் திணிக்க முடியாது. 2019இல் லண்டன் ஸ்டேடியத்தில் அமெரிக்க அணிகளான யாங்கீஸும் ரெட் சாக்ஸும் இரண்டு ஆட்டம் ஆடினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர். முதல் ஆட்டம் 17-13, வாணவேடிக்கைதான். ஆனால் அதற்காகப் போட்ட புல்லும் மண்ணும் ஆட்டம் முடிந்ததும் அகற்றப்பட்டன. இதை எப்படி வளர்ச்சிக் கணக்கில் எழுதுவது?

பேஸ்பால்5 பற்றி யாரும் பேசவில்லையே. அணிக்கு ஐந்து பேர், ஒரு ரப்பர் பந்து. மட்டை, கையுறை எதுவும் வேண்டாம். கியூபாவின் தெரு ஆட்டத்திலிருந்து வந்தது. பள்ளி முற்றம் போதும்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்:
மட்டையே இல்லாமல் பேஸ்பாலா? சரி, விடுங்கள். பணத்தைப் பற்றிப் பேசுவோம். பல நாட்டு அரசுகள் ஒலிம்பிக் ஆட்டம் என்றால்தான் கஜானாவைத் திறக்கும். 2008க்குப் பிறகு பேஸ்பாலை நீக்கினார்கள், டோக்கியோவில் சேர்த்தார்கள், பாரிஸில் மறுபடி இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸில் திரும்ப வருகிறது. அதுவும் ஆறே அணிகள். இந்தக் கதவு திறந்து மூடுவதற்குள் உள்ளே போக வேண்டும். கிளப்பில் எட்டு வயதுச் சிறுவர்களைச் சேர்த்து, அவர்கள் வளரும்வரை காத்திருந்தால் முடியுமா?

வலதுகைக்காரன்:
ஆறு அணிக்குள் வர பிரிட்டனுக்கும் செக்குக்கும் வாய்ப்பு சொற்பம். அந்தக் கதவை நம்பிக் கிளப்பைக் கைவிட்டால் 2032இல் பந்து பொறுக்கவும் ஆள் இருக்காது. மேட்டுத்தெரு சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். தெருவில் பேஸ்பால்5 ஆடும் பிள்ளைகளை அடுத்து எந்தக் கிளப்பில் சேர்ப்பது?

மேட்டுத்தெரு:
பக்கத்தில் கிளப் இருந்தால் அதில். இல்லாத ஊரில் பள்ளி முற்றத்திலேயே ஆடட்டும்; கிளப் வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ன?