சீமைக் கருவேலங்கரி வெடிக்கும் என்று சொல்பவர்களுக்கு

கமுதி_மூட்டம்:
“கிரில் போடக் கருவேலங்கரி வாங்கவே வாங்காதீர்கள், பட்டாசு மாதிரி வெடிக்கும், தேங்காய்த் தொட்டிக்கரிதான் ஒரே வழி” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கரிமூட்டம்தான் தொழில். விறகை நெருக்கி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் பூசித் தீ வைப்போம். மண்ணில் ஒரு விரிசல் விட்டாலும் நடுராத்திரியில் எழுந்து அடைக்க வேண்டும். காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அப்படி முழுக்க வெந்த கரி வெடிக்காது. இரண்டு துண்டுகளை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கரி. ‘டொக்’ என்றால் உள்ளே வேகாத கட்டை இருக்கிறது. புகைவதும் வெடிப்பதும் அதுதான்.

பொள்ளாச்சித்_தென்னை:
எழுதியவன் நான்தான். மூட்டையைப் பிரித்துத் தட்டிப் பார்க்க எந்தக் கடைக்காரர் விடுவார்? வீட்டுக்கு வந்து தட்டினேன். கணீரென்றுதான் கேட்டது. மொட்டை மாடியில் அல்ஃபாம் கோழி போட்டபோது பொறி பறந்து என் மகன் சட்டையில் ஓட்டை விழுந்தது. தொட்டிக்கரி அப்படியா? சீக்கிரம் பற்றும், நல்ல சூடு, புகையே இருக்காது.

கமுதி_மூட்டம்:
ஃபேன் வைத்து ஊதியிருப்பீர்கள். மழைக்காலத்தில் வெளியே கிடந்த மூட்டையாகவும் இருக்கும், கரி ஈரத்தை இழுக்கும். உண்மையிலேயே தட்டிப் பார்த்தீர்களா?

பொள்ளாச்சித்_தென்னை:
தட்டினேன் என்று எழுதியிருக்கிறேனே, படிக்கத் தெரியாதா? அமெரிக்காவில் மெஸ்கீட் என்று விற்கிற கரியும் இதே இனத்து மரம்தான். அதைக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறவர்களே பொறி பறக்கும், தள்ளி நில்லுங்கள் என்கிறார்கள். அவர்கள் எல்லாரும் தட்டத் தெரியாதவர்களா?

அடுப்படி_மாலதி:
வெடிக்குமா வெடிக்காதா என்பதிலேயே நிற்கிறீர்கள். என்ன சமைக்கப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோழித்துண்டைச் சட்டென்று வாட்டக் கொட்டாங்குச்சிக் கரி போதும். மூடி போட்ட அடுப்பில் 110 டிகிரியில் ஆறேழு மணி நேரம் ஆட்டுத்தொடையைப் புகையில் வேகவைக்க அது சரிவராது. மெல்லிய ஓடு, ஒன்றின்மேல் ஒன்று படிந்து காற்றை அடைக்கும், உடைந்த சில்லு கம்பி இடுக்கில் விழும். அதற்குக் கை முஷ்டி அளவுக் கட்டைக்கரி வேண்டும். பற்றாத கரியைப் பரப்பி, நடுவில் மட்டும் கொஞ்சம் கனிந்த கரியை வைத்தால் நெருப்பு மெதுவாகப் பரவும். மணத்துக்குக் காய்ந்த கொய்யாக் கட்டை போடுங்கள். வெறும் கரியில் மணம் கிடையாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தால் அந்த வாடைதான் கறியில் ஏறும்.

கமுதி_மூட்டம்:
கரியில் மணம் இல்லை என்று யார் சொன்னது? எங்கள் கரியில் வாட்டிய கறியின் மணம் தெருமுனை வரை வரும்.

அடுப்படி_மாலதி:
அது கொழுப்பு உருகி நெருப்பில் சொட்டி வரும் மணம். முழுக்க வெந்த கரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மணம் தருவதெல்லாம் மூட்டத்திலேயே புகையாகப் போயிருக்குமே. கரியிலேயே மணம் இருக்கிறது என்றால் அது வேகாத கரி. இரண்டில் எது என்று சொல்லுங்கள்.

கமுதி_மூட்டம்:
அக்கா, மூட்டம் பிரிக்கிறதை ஒருநாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தட்டினால் தெரிந்துவிடும்.

கண்மாய்க்_காவலன்:
நிலத்தடி நீரை உறிஞ்சுகிற மரத்துக்கு இவ்வளவு வக்காலத்தா? அதை வெட்டி எடுக்கச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. காமராஜர் ஆட்சியில் விதையைத் தூவியதோடு எங்கள் கண்மாய் போயிற்று.

கமுதி_மூட்டம்:
வரலாற்றைப் படித்துவிட்டு வாருங்கள். 1877-லேயே வெள்ளைக்காரன் மெட்ராஸ் ராஜதானிக்குக் கொண்டுவந்த மரம் இது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது இந்தக் கரிதான். வெட்டு வெட்டு என்கிறீர்களே, வெட்டுகிறவர்கள் யார்? நாங்கள்தான்.

கண்மாய்க்_காவலன்:
தூவியதை என் தாத்தா கண்ணால் பார்த்திருக்கிறார். தாத்தா பொய் சொல்கிறார் என்கிறீர்களா?

கமுதி_மூட்டம்:
தாத்தாவை நான் இழுக்கவில்லை, நீங்கள்தான் இழுக்கிறீர்கள். வெட்டிவிட்டுப் போனால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தூரையும் தோண்டி எடுத்து மூட்டம் போடுகிறவன் கண்மாய்க்கு நல்லது செய்கிறானா கெட்டது செய்கிறானா?

அடுப்படி_மாலதி:
நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பொள்ளாச்சித்_தென்னை:
எனக்கும்தான் வரவில்லை. கணீரென்ற கரி ஏன் வெடித்தது? காங்கேயம் பக்கம் வந்து பாருங்கள், தொட்டிக்கரி லாரி லாரியாக ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீர் வடிகட்டப் போடும் கரி) ஆலைக்குப் போகிறது. தரமில்லாததையா வாங்குவார்கள்?

கமுதி_மூட்டம்:
ஆலைக்குப் போகிற கரியை வைத்துக் கறி வாட்டச் சொல்கிறீர்கள், சந்தோஷம். உங்களுக்கு விற்றவர் மேல்வரிசையில் நல்ல கரியை அடுக்கி, அடியில் வேகாததைப் போட்டிருப்பார். நீங்கள் மேலே கிடந்ததைத்தான் தட்டியிருப்பீர்கள்.

பொள்ளாச்சித்_தென்னை:
இப்போது கடைக்காரர் மேல் பழியா? மூட்டையை அப்படியே வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் பற்றவைத்து வீடியோ போடுகிறேன்.

கமுதி_மூட்டம்:
போடுங்கள். ஒவ்வொரு துண்டையும் தட்டிவிட்டுப் போடுங்கள், சத்தம் கேட்கிற மாதிரி.