கரி என்ஜினும் விருந்தாளி வண்டிகளும்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டையிலிருந்து

கரி வண்டியை ஓடும் நிலையில் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது நம்மூரில் இல்லை, பிரான்சில்.

அக்கா குடும்பம் பாரீஸ் பக்கம். மாமா சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் குடும்பம். புதுச்சேரியில் பாதித் தெருவுக்கு இந்தக் கதை உண்டு. ஒரு ஏப்ரலில் போயிருந்தேன். "இந்த ரயில் பைத்தியத்தை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்" என்று அக்கா சொல்ல, மாமா அமியென், அப்வில் வழியாக நுவாயெல் என்ற ஊருக்கு டிக்கெட் எடுத்தார். சோம் ஆறு கடலில் கலக்கும் விரிகுடாவைச் சுற்றி அங்கே ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. மொத்தம் 27 கிலோமீட்டர். நுவாயெலிலிருந்து ஒரு கிளை சேன் வலெரி போய் அங்கிருந்து கயோ வரை நீள்கிறது, இன்னொன்று லெ குரோத்துவா போகிறது. மீட்டர் கேஜ் பாதை 1887-இல் போட்டது. நம் விழுப்புரம் - புதுச்சேரிப் பாதை 1879. இரண்டும் ஒரே காலத்துச் சரக்கு, தண்டவாள இடைவெளியும் அதே 1000 மில்லிமீட்டர்தான். நம்முடையது அகலப்பாதையாகிவிட்டது. அவர்களுடையதைக் கைவிடப் போன நேரத்தில் ஊர்க்காரர்களும் ரயில் பிரியர்களும் சங்கம் வைத்து எடுத்துக்கொண்டார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்து சுற்றுலா வண்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் போன சமயம் அவர்களின் நீராவித் திருவிழா. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்துகிறார்கள். வெளியூர் என்ஜின்களை விருந்தாளியாக வரவழைப்பதுதான் இதில் விசேஷம். ஒரு ஸ்டேஷனில் இத்தனை புகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் அதிக நேரம் நின்றது என்ஜின் முன்னால் இல்லை, தண்டவாளத்தின் முன்னால். நுவாயெலுக்கும் சேன் வலெரிக்கும் நடுவே பாதையில் நான்கு தண்டவாளங்கள். வெளி இரண்டும் பெரிய ரயிலுக்கு, 1435 மில்லிமீட்டர். உள்ளே இரண்டும் மீட்டர் கேஜுக்கு. பாதை பிரியும் பாயிண்ட் வரும் இடத்தில் இந்த நான்கும் ஒன்றையொன்று வெட்டிப் பிரிகின்றன. அதைக் குனிந்து பார்த்துப் புரிந்துகொள்ளவே எனக்கு நேரம் பிடித்தது. மாமா ஒரு காபி குடித்துவிட்டே வந்துவிட்டார். பிரான்சின் பெரிய பாதையில் ஓடிய என்ஜின் நேராக இந்தக் குட்டி ரயிலின் வீட்டுக்குள் வந்து நிற்க முடிவதற்கு இந்த நான்கு கம்பிகள்தான் காரணம். இதெல்லாம் இல்லாத ஊரில் விருந்தாளி என்ஜினை டிரெய்லர் லாரியில் ஏற்றி, கிரேன் வைத்துத்தான் இறக்க வேண்டும்.

அப்படி வந்த ஒரு பெரிய என்ஜின் தண்ணீர் பிடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் தாகத்துக்கு அந்த ஸ்டேஷன் குழாய் போதவில்லை. தீயணைப்பு வண்டி ஒன்றை வரவழைத்து, கேன்வாஸ் குழாயை டெண்டர் (என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) மேலே தூக்கிப் போட்டார்கள். மேலே நின்ற பையன் கையை உள்ளே விட்டு மட்டம் பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். திருப்ப டர்ன் டேபிளும் கிடையாது. அதனால் வந்த வழியே டெண்டர் முன்னால் தெரியப் பின்னோக்கிப் போனது. ஒத்தாசைக்கு வால் பக்கம் ஒரு டீசலும் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் டீசலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பயணிகளை ஏற்றிய வண்டி பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இரட்டைப் புறப்பாட்டைச் சொல்லாவிட்டால் மாமா கோபித்துக்கொள்வார். நுவாயெலில் குரோத்துவா வண்டியும் சேன் வலெரி வண்டியும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் கிளம்புகின்றன. இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் பார்த்து ஊதிக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரம் ஜன்னலுக்கு ஜன்னல் கைகுலுக்கும் நெருக்கம். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகின்றன. எங்கள் வண்டி விரிகுடாவின் குறுக்கே கட்டிய கரைமேல் போனது. இரண்டு பக்கமும் உப்புப் புல்வெளி, நிறைய ஆடுகள். ஒரு ஆடுகூடத் தலையைத் தூக்கவில்லை!

எங்கள் வண்டியில் கரி போட்டவர் வாரநாளில் பள்ளிக்கூட ஆசிரியராம். இங்கே யாராவது இந்த மாதிரி வேலை செய்திருந்தால் சொல்லுங்கள், கேட்க ஆசை.

கடலூர் முதுநகரிலிருந்து

தம்பி, நான் விழுப்புரம் ஷெட்டில் பயர்மேனாக, அதாவது என்ஜினில் கரி போடுபவனாக இருந்தவன். பேரன் படித்துக் காட்டினான், அவனே தட்டச்சும் செய்கிறான்.

விழுப்புரத்தில் எங்களுக்கு விருந்தாளி தினமும் வரும். மெட்ராஸ் பக்கமிருந்து மெயின் லைன் வண்டிகளை மின்சார என்ஜின் இழுத்து வரும். மீட்டர் கேஜ் மின்சார என்ஜின், ஜப்பான்காரன் செய்தது, ஒய்.ஏ.எம்.1 என்பார்கள். விழுப்புரத்தோடு கரண்ட் கம்பி முடிந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு எங்கள் ஒய்.பி. கரி என்ஜினைக் கோப்போம், கடலூர், சிதம்பரம் பக்கம் போவதற்கு. சில வண்டிக்கு டீசல் போகும். ஒரே பிளாட்பாரத்தில் மின்சாரம், டீசல், கரி மூன்றும் நின்ற காலம் அது. அப்போது யாரும் போட்டோ எடுக்க வரவில்லை.

நீ தண்ணீர் பிடித்ததைச் சொன்னாயே, அதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வெளியூர் என்ஜினுக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. தண்ணீரில் உப்பு ஏறினால் பாய்லர் உள்ளே நுரை கட்டும். நுரை கட்டினால் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் பொய் சொல்லும். மட்டம் மேலே இருப்பதுபோல் காட்டும், உள்ளே நிஜத்தில் குறைவாக இருக்கும். நெருப்பு எரியும் பயர்பாக்ஸின் கூரைமேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். இறங்கிவிட்டால் அதில் உள்ள ஈய அடைப்பான், லெட் பிளக், உருகி ஆவி நெருப்பின் மேலேயே பாயும். அது உயிரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஆனால் உருகவிட்டவன் சார்ஜ்ஷீட்டுக்குத் தயாராக வேண்டியதுதான். எந்த பயர்மேனும் கண்ணை நெருப்பில் பாதி, கண்ணாடியில் பாதி வைத்திருப்பான்.

அடுத்தது ரோடு. புது செக்‌ஷனில் டிரைவர் சும்மா வண்டி ஓட்டிவிட முடியாது, எல்.ஆர்., அதாவது லேர்னிங் ரோடு எடுக்கணும். பாதை தெரிந்தவனோடு போய், எங்கே ஏற்றம், எங்கே கைகாட்டி மறைந்திருக்கிறது, எங்கே கேட் என்று பழகிக் கையெழுத்துப் போடணும். அங்கேயும் விருந்தாளி என்ஜினோடு அதன் ஆட்கள் வந்திருப்பார்கள், ஆனால் உள்ளூர் ஆள் ஒருவன் கேபினில் ஏறியிருப்பான். பார்த்தாயா? என்ஜினைத் தெரிந்தவன் ஒருத்தன், பாதையைத் தெரிந்தவன் ஒருத்தன். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் வண்டி.

டோக்கனும் அப்படித்தான். ஒற்றை லைனில் அடுத்த ஸ்டேஷன்வரை போக அனுமதியான டோக்கன் கையில் இல்லாமல் நகரக்கூடாது. எங்களுடையது நீல்ஸ் பால் டோக்கன். கைக்குள் அடங்கும் இரும்பு உருண்டை, அதில் ஸ்டேஷன் பெயர் வெட்டியிருக்கும். பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பான். நிற்காத வண்டியாக இருந்தால் பழைய வளையத்தை எறிந்துவிட்டு, முழங்கை மடிப்பில் புதியதை வாங்கணும். ராத்திரியில் வாங்கினால் மறுநாள் கை நீலமாக இருக்கும். ஒய்.பி. பாய்லரில் 210 பவுண்டு பிரஷர், முன்னால் வேக்குவம் பிரேக், பக்கத்தில் டிரைவரின் திட்டு. இத்தனைக்கும் நடுவில் அந்த வளையம்.

ஆசிரியர் கரி போடுகிறார் என்றால் சந்தோஷம். அதிகாலை விறகும் எண்ணெய்த் துணியும் வைத்துக் கொளுத்தி, பல மணி நேரம் பொறுமையாகச் சூடேற்றியிருப்பார். அவசரப்பட்டால் பாய்லர் டியூப் ஒழுகும். சாயங்காலம் சாம்பல் வாரியவரையும் அவரிடமே கேட்டிருக்கலாம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து

ஐயா, வணக்கம். பிரான்சுக்குப் போக வேண்டாம், மேட்டுப்பாளையம் போனாலே போதும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீலகிரி ரயிலில் கல்லாறு தாண்டியதும் நடுவில் பல் தண்டவாளம் தொடங்கும். சில இடங்களில் ஏறத்தாழ 12 அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவு. என்ஜின் முன்னால் இருக்காது, கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை முட்டித் தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கமும் பிரேக்ஸ்மேன் வெளியே நின்றபடி வருவார். நாங்கள் முதல் பெட்டியில் இருந்ததால் எங்களுக்கு முன்னால் அவர் முதுகும் காடும்தான். கொடி அசைப்பது, சக்கரம் சுழற்றுவது என்று ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை. ஹில்குரோவில் தண்ணீருக்கு நின்றபோது என் மகள் போய் அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். குரங்குகளைப் பற்றித்தான் அதிகம் சொன்னாராம்.

அந்தப் பாதைக்கு விருந்தாளி என்ஜின் எதுவும் வர முடியாது. பல் சக்கரமுள்ள எக்ஸ் கிளாஸ் என்ஜின் மட்டுமே ஏறும். முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது, இப்போது நம் பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து அனுப்புகிறது. கண்காட்சிக்கு வைக்காமல் தினசரி வேலைக்கு இந்தக் காலத்தில் நீராவி என்ஜின் செய்கிறார்கள் என்பதை நம்மூரில் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். குன்னூருக்கு மேலே டீசல்தான், அதனால் நீராவி வேண்டுமென்றால் கீழ்ப் பாதியில் டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

சென்னையில் இ.ஐ.ஆர். 21 ஓடுவதைப் பார்த்தேன், எழும்பூர் - கோடம்பாக்கம். 1855-இல் லீட்ஸில் செய்த என்ஜின், 1909-இல் ஓய்வு, நூறு ஆண்டு காட்சிப்பொருளாக நின்றதைப் பெரம்பூரில் 2010-இல் உயிர்ப்பித்தார்கள். ஒரே ஒரு பெட்டி. அழகுதான், ஆனால் எனக்கு மனசு நிறையவில்லை. பக்கத்துப் பாதையில் மின்சார ரயில் சாவகாசமாக முந்திப் போனது.

ஒன்று கவனியுங்கள். அது அகலப்பாதை என்ஜின் என்பதால் 2019-இல் எர்ணாகுளத்திலும் நாகர்கோவில் - கன்னியாகுமரியிலும் விருந்தாளியாக ஓட முடிந்தது. ஐயா ஓட்டிய ஒய்.பி. ஒன்று எங்கேயாவது உயிரோடு இருந்தாலும் முதுநகருக்கு வர முடியாது. மெயின் லைனில் மீட்டர் கேஜைப் பிடுங்கி 2010-இல் அகலப்பாதை வந்தது. வந்தது நல்லதுதான், வேலைக்குப் போகிற நானே தினம் அதில்தான் போகிறேன். ஆனால் புதுச்சேரிக் கிளையில் வில்லியனூர் பக்கம் ஒரு நாலைந்து கிலோமீட்டருக்காவது அந்த உள் இரண்டு கம்பிகளையும் விட்டு வைத்திருக்கலாம்.

மறுபடி முத்தியால்பேட்டை

ஐயா, சாம்பல் வாரியதும் அதே ஆசிரியர்தான் என்று மாமா சொல்கிறார். கேபினில் உள்ளூர் ஆள் ஏறியதும் சரி, எங்கள் போட்டோவில் மூன்று தலை தெரிகிறது.

ஒரு தகவல் விட்டுப்போனது. இந்த மாதிரி ரயில்களுக்கு இப்போது பெரிய தலைவலி கரிதான். பிரான்சில் கடைசிச் சுரங்கத்தை 2004-இல் மூடிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆழ்சுரங்கம் 2015-இல் முடிந்தது. கப்பலில் வருவதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். கரித்தூளைப் பசையோடு அழுத்தி முட்டை வடிவக் கட்டிகளாகச் செய்து இங்கிலாந்தில் எரித்துப் பார்க்கிறார்கள்.

கடலூர் முதுநகர்

அந்தக் கட்டியில் கிளிங்கர், அதாவது உருகிய சாம்பல் பாளம் பிடிக்கிறதா என்று மாமாவிடம் விசாரித்துச் சொல்லச் சொல். நம் நெய்வேலிப் பழுப்புக் கரியில் பாதி ஈரம், அது என்ஜினுக்கு ஆகாது என்று எங்களுக்கு சிங்கரேணிக் கரிதான் வரும். அதிலேயே சில லோடு அடுப்புக் கம்பிமேல் பாளமாக உருகிப் பிடித்துக்கொள்ளும், காற்று ஏறாமல் பிரஷர் விழும். கட்டியாக அழுத்தினால் எப்படி எரியும் என்று பார்க்காமல் நான் நம்ப மாட்டேன்.